மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள்
(உன்னிச்சைக் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலத்தோடு இரத்தம் போனால் நம்மில் பலர் மூலம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறோம். சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அநேகமாக அது மூலமாகவே இருக்கும். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். டொக்டர் கையுறை போட்டு விரலால் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். கீழ்ப்பகுதிக் கட்டி பெரும்பாலும் அதிலேயே தட்டுப்பட்டுவிடும்.

மலக்குடல் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளம். மலவாசலிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் வரும் கட்டிதான் சிக்கல், மலத்தை அடக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. 1908இல் லண்டனில் மைல்ஸ் என்ற நிபுணர் வகுத்த முறையில் மலவாசலையே எடுத்துவிடுவார்கள். ஆயுள் முழுக்க வயிற்றில் பைதான். 1982இல் இங்கிலாந்தின் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று காட்டினார்.

அதே வேலையை இப்போது வயிற்றில் நாலைந்து சிறு துளை போட்டு, கமெரா விட்டுச் செய்கிறார்கள். துளைவழிச் சத்திரசிகிச்சையில் பேர்பெற்ற கோயம்புத்தூர் டொக்டர் பழனிவேலு, வறுமையால் மலேசியா போய்க் கூலி வேலை செய்து, திரும்பி வந்து படித்தவர். நம்ம ஆள் என்றே சொல்லலாம்.

துளை முறையில் வலி குறைவு, சீக்கிரம் எழும்பி நடக்கலாம். நாட்கூலிக்காரருக்கு அது பெரிய காரியம். ஆனால் அதில் நோய் கூடுதலாகக் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 8 நாடுகளில் 1044 பேரிடம் நடத்தி 2015இல் வெளிவந்த ஆய்வில், 3 வருடத்துக்குள் அந்த இடத்தில் நோய் திரும்பியவர்கள் இரண்டு முறையிலும் 100க்கு 5 பேர். ஆகவே காது தோட்டை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். கைதேர்ந்தவர் வயிற்றைத் திறந்து செய்வதும் குறைந்த வைத்தியமல்ல.

மலவாசல் தப்புமா என்பது, கட்டி அந்தத் தசைக்குள் இறங்கிவிட்டதா என்பதைப் பொறுத்தது. மூலத்துக்கு மருந்து தின்று ஆறு மாதம் கடத்துவதில்தான் நாம் தோற்கிறோம். சிலருக்கு முதலில் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். தசையைக் காப்பாற்றிக் குடலைத் தைத்தாலும், தையல் ஆறும்வரை சில மாதம் பை இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

பை எடுத்த பிறகும் பலருக்கு அடிக்கடி, அவசரமாக வெளிக்கு வரும். கொழுந்து மலையிலும் வயலிலும் கக்கூஸ் இல்லாத இடத்தில் அந்தத் தோழி என்ன செய்வார்? இதை நாங்கள் தொழில் பிரச்சினையாகவே எடுக்கிறோம். வேலைத்தலத்தில் கக்கூஸ், கிளினிக் நாளுக்கு முழுப் பேர்: இந்த இரண்டையும் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கிறோம். கிளினிக் கொப்பி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.