எழுதியாயிற்று, படித்துப் பார்த்தீர்களா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதித் தரப்பட்டது.)



பரிசளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டால் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அதைப் பேசத் தகுதி உள்ளவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். இந்தச் சுங்கை வே சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் சில வருடம் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சின்னதாய்க் கடை போட்டவன். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் பேசுவேன் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "அதையே பேசுங்க, ஆனா பிள்ளைங்களுக்கும் புரியணும்" என்றார். ஆகவே சீடியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். இப்போது யார் வீட்டில் சீடி இருக்கிறது என்று கேட்கிறீர்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அலமாரியின் மேல் தட்டில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில், பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டிதான் வீட்டில் இல்லை. நான் பேச வந்தது அதனால்தான்.

2003-ஆம் ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவை நான் படம் பிடித்தேன். என்னிடம் சிறிய கேசட் போடும் டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. பெற்றோருக்கு ஆளுக்கொரு விசிடி, மொத்தம் 60 வேண்டும் என்றார்கள். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். அந்தக் கேசட்டின் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 13 கிகாபைட் இடத்தைச் சாப்பிடும். என் கம்ப்யூட்டரின் வன்தட்டோ மொத்தமே 40. விசிடியாக மாற்றி, ராத்திரி பகலாக 60 தட்டு அடித்தேன். ஒவ்வொரு முறையும் திரையில், வெற்றிகரமாக முடிந்தது என்று எழுத்து வரும். நானும் நம்பினேன். பள்ளிச் சின்னம் போட்டு அழகான வட்டத் தாள் அச்சடித்து ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். இடம் வேண்டுமே என்று வன்தட்டில் இருந்ததை அழித்தேன். அடுத்த மாதம் ஒரு கல்யாணம் வந்தது. அந்தக் கேசட்டிலேயே அதைப் பிடித்தேன்.

ஒரு வாரம் கழித்து போன் வர ஆரம்பித்தது. "சார், நோ டிஸ்க்னு காட்டுது." "அண்ணே, முக்கால்வாசி ஓடுது, அப்புறம் கட்டம் கட்டமா போயிடுது." 60-இல் 19 தட்டு திரும்பி வந்தது. அந்தப் பத்தொன்பதும்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

இந்தத் தட்டு எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தால்தான் ஏன் கெடுகிறது என்று விளங்கும். பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1982-இல் கொண்டுவந்த சீடி, ஆலையில் அச்சில் அழுத்தி வருவது. வீட்டில் எழுதக்கூடிய தட்டை 1988-இல் ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் செய்து காட்டியது. அதில் சாயம் பூசிய ஒரு படலம் உண்டு. லேசர் கதிர் பட்ட இடத்தில் சாயம் சூடேறி மாறிவிடும். அந்த இடம் ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதைத்தான் 'பேர்ன்' பண்ணுவது, எரிப்பது என்கிறார்கள். பால்மரத்தில் பட்டையைச் சுற்றிச் சாய்வாகக் கோடு போட்டிருப்பதை நம் தாத்தா பாட்டிகள் கண்டிருப்பார்கள். தட்டிலும் ஒரு சுழல்கோடு முன்பே போட்டிருக்கும். லேசர் நடுவிலிருந்து புறப்பட்டு அந்தக் கோட்டிலேயே வெளி ஓரத்துக்குப் போகும். நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதாவது இங்கிருந்து சுபாங் ஜெயா டவுனுக்குப் போய்விடலாம். அவ்வளவும் 12 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது.

நடுவிலிருந்து ஓரத்துக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரும்பி வந்த பத்தொன்பதைப் பிரித்துப் பார்த்தேன். ஏழு தட்டில் குற்றமே இல்லை. அந்த வீடுகளில் இருந்த பழைய பிளேயர்கள்தான் ஆலையில் அச்சான சீடியை மட்டும் படிக்குமே தவிர, வீட்டில் எழுதியதைப் படிக்காது. முதன்முதலில் வந்த டிவிடி பிளேயர்கள் சிலவற்றின் லேசருக்குச் சாயத்தட்டு கண்ணுக்கே தெரியாது. அந்த வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எங்க பிளேயர்ல சினிமா சீடி நல்லாத்தானே ஓடுது?" என்று ஒரு அம்மா கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மீதிப் பன்னிரண்டும் என் தப்பு. பேர் ஊர் இல்லாத மலிவுத் தட்டு, கட்டாக வாங்கியது. அதை 48 மடங்கு வேகத்தில் அடித்தேன். ஒரு மடங்கு என்றால் வினாடிக்கு 150 கிலோபைட். உச்ச வேகத்தை ரைட்டர் தட்டின் ஓரத்துக்கு வரும்போதுதான் எட்டும். தட்டு தள்ளாடும், சாயம் சரியாகச் சூடேறாது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. எழுதும் நிரல் எழுதியதாகத்தான் சொல்லுமே தவிர, எழுதியது படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று அதுவாகப் பார்க்காது. பார்க்கச் சொல்லி ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். நேரம் இரட்டிப்பாகும் என்று அந்தக் குறியை நான்தான் எடுத்துவிட்டேன். வேகத்தைப் பற்றி இன்னொன்று: ஆகக் குறைந்த வேகம்தான் நல்லது என்று பலர் சொல்வார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. வேகமாக எழுதுவதற்கென்றே செய்த சாயத்தை நத்தை வேகத்தில் எழுதினாலும் கெடும். நடுத்தரமே நல்லது.

மற்றக் கோளாறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எழுத ஆரம்பிக்கும் முன்பே, லேசரின் வலுவைச் சரிபார்க்க முடியவில்லை என்று பிழை வந்தால், ரைட்டரைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வேறு கம்பெனித் தட்டைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் வேகத்தைக் குறையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் லேசர் தளர்ந்துவிட்டது என்று பொருள். படத்தை வெறும் கோப்பாக ஏற்றிவிட்டு, பிளேயரில் ஓடவில்லை என்று வருவோர் அநேகம். விசிடி என்றால் விசிடி முறையில்தான் எழுத வேண்டும். எழுதி முடித்துத் தட்டை 'மூட' மறந்தால், எழுதிய கம்ப்யூட்டர் மட்டும் படிக்கும், பக்கத்து வீட்டுப் பிளேயர் படிக்காது. 4.7 கிகாபைட் டிவிடி வாங்கி, கம்ப்யூட்டரில் 4.37 என்று காட்டுகிறதே, கடைக்கார தவுக்கே ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவரும் நம்மவர்தான். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது, தவுக்கே பாவம்.

1990-களில் இன்னொரு தொல்லை. லேசர் எழுதிக்கொண்டே போகும், அதற்குக் கம்ப்யூட்டர் ஓயாமல் ஊட்ட வேண்டும். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் குழாய் நின்றுவிடுவது போல, ஊட்டுவது ஒரு வினாடி தவறினாலும் தட்டு பாழ். பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் பக்கமே விட மாட்டோம். 2000-இல் சான்யோ நிறுவனம் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும் வழியைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பயம் போயிற்று. பாழான தட்டெல்லாம் வீட்டில் காப்பி கிளாஸ் வைக்க ஆயிற்று.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. அக்காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே உருவாக்கிய முரசு நம் பள்ளிகளில் பலருக்குப் பழக்கம். கேள்வித்தாள், விழா மலர் எல்லாவற்றையும் தட்டில் ஏற்றி வைத்தார்கள், எழுத்துருவை மட்டும் ஏற்றவில்லை. தட்டு நன்றாக இருக்கிறது, கோப்பும் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரு எழுத்தும் தமிழாக இல்லை. இதற்கு மருந்து உண்டு, ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. ஆகவே அந்தத் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

(புதுப் படத்தை எடுத்துப் பாசார் மாலாமுக்கு அடித்து விற்பது எப்படி என்று கேட்க யாராவது வந்திருந்தால், 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டமும் அவர்களுக்குப் பதில் சொல்லும்.)

இனி 2019-க்கு வருகிறேன். அந்த வருடம் நம் வட்டாரத்தில் பலருக்கும் நினைவிருக்கும். இங்கே வன்தட்டு செய்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலையை அவ்வாண்டு முடிவுக்குள் மூடுவதாக 2018-இல் அறிவித்திருந்தார்கள். உலகமே எழுதி வைக்கும் தட்டுகளைச் செய்தவர்கள் நம் அக்கா தங்கைகள். அவர்கள் வீட்டு விழாதான் எதிலும் எழுதி வைக்கப்படவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். 2003-இல் ஆறாம் ஆண்டு மாணவி. அந்த விழாவில் பரிசு வாங்கியவள். இரண்டு மாதத்தில் கல்யாணம். கையில் நான் அடித்த விசிடி. "அங்கிள், எங்கப்பா இதுல பாடியிருக்காரு. அவரு குரல் எங்க வீட்டுல வேற எதுலயும் இல்ல" என்றாள். எனக்கு நினைவு வந்தது. லோரி ஓட்டுபவர், வேலை முடிந்து அப்படியே வந்து, பெற்றோர் அங்கத்தில் கடைசியாக மேடை ஏறினார். 2011-இல் காலமாகிவிட்டாராம்.

கடைசியாக மேடை ஏறினார் என்றால், தட்டின் ஓரத்தில் இருக்கிறார்.

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு கீறல் இல்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆனால் நான் அழகுக்கு ஒட்டிய தாள் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சுருங்கி, ஓரத்தில் எழும்பியிருந்தது. சீடியில் பலரும் அறியாத விஷயம் இது: பளபளவென்று தெரியும் அடிப்பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக் காவல். படம் இருக்கிற படலமோ மேல் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே. அடியில் விழும் கீறலைவிட மேலே கூரான பேனாவால் எழுதுவது மோசம். தாள் எழும்பினால் படலத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும்.

புதிய டிரைவில் போட்டேன், சுற்றியது, நின்றது. இன்னொன்றில் போட்டேன், அதுவும் அப்படியே. பிறகு ஸ்டோர் அறையில் இருந்த பழைய ரைட்டர் ஞாபகம் வந்தது. அதே 60 தட்டையும் எழுதிய ரைட்டர். எழுதிய கைக்குத் தன் எழுத்து தெரியும் என்பார்களே, டிரைவிலும் பல நேரம் அது உண்மை. தக்க இணைப்பான் தேடி வாங்கி, வேகத்தை ஆகக் குறைத்து, கெட்ட இடத்தைத் தாண்டி மேலே படிக்கும் மீட்பு நிரலைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் 58 நிமிடம் சுத்தமாக வந்திருந்தது. அப்பாவின் பாட்டில் முதல் சில அடிகள் இருந்தன. பிறகு முகம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் டிக் டிக்கென்று அறுந்து, நின்றுவிட்டது. விசிடியில் படத்துக்கு இடம் மிச்சம் பிடிக்கப் பிழை திருத்தும் பாதுகாப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். சாதாரணக் கோப்பாக எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

அவளுக்குக் காட்டினேன். மூன்று முறை கேட்டாள். "மிச்சம்?" என்றாள். நான் கேசட் மேல் கல்யாணம் பிடித்த கதையை அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மீதி 59 தட்டு எங்கேயோ இருக்கிறது அல்லவா? முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளே எழுதிப் போட்டாள். கிள்ளானிலிருந்து ஒன்று, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒன்று, தேசா மெந்தாரி அடுக்குமாடியிலிருந்து இரண்டு வந்தன. காரின் முன்கண்ணாடி அடியில் கிடந்து வளைந்தது ஒன்று, அது உதவவில்லை. மற்ற மூன்றும் வெவ்வேறு இடத்தில் கெட்டிருந்தன. ஒன்றில் அறுந்த குரல் இன்னொன்றில் இருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டினேன். ஐந்தாறு வினாடி தவிரப் பாட்டு முழுவதும் வந்தது. கல்யாணத்தில் போட்டார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன்.

இப்போது நீங்கள் விழாவைப் போனில் பிடிக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சு, டிரைவில் ஏற்றியாச்சு என்று போனிலிருந்து அழிக்கிறீர்கள். அனுப்பியதை இன்னொரு போனில் திறந்து, கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தீர்களா? வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவது தெரியுமா? இன்று மேடையில் நடப்பதை யார் யார் பிடிக்கிறீர்களோ, அழிக்கும் முன் வேறொரு வீட்டில் ஒரு நகல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய ரைட்டர் இன்னும் என்னிடம் ஓடுகிறது. எத்தனை நாள் ஓடும் என்று எனக்கே தெரியாது. பிஸ்கட் டின்னில் இருக்கும் தட்டுகளைக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். தட்டைத் துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். மேலே தாள் ஒட்டியிருந்தால், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், தயவுசெய்து அதைப் பிய்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.