மூலிகையும் சான்றும்



மூலிகையால் ஒரு கேடும் வராது என்பர் ஒரு சாரார். மூலிகையை நம்புவது மூடத்தனம் என்பர் மறு சாரார். சீன தேசத்துக் கொடியொன்று இவ்விரு சாராருக்கும் விடை கூறுகின்றது.

லெய் கொங் தெங் என்பது அக்கொடியின் பெயர். இடித்தெய்வத்தின் கொடி என்று பொருள்படும். அதன் வேர் முடக்குவாதத்திற்கு மருந்தாகின்றது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டுக்களைப் பகையென எண்ணித் தாக்குவதால் உண்டாகும் நோய் இது.

2009ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே 121 நோயாளர் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் வேரின் சத்தையும், மறு பகுதியினர் சல்பசலசீன் என்ற ஆங்கில மருந்தையும் உண்டனர். 24 வாரமும் தொடர்ந்து உண்டோருள், நோய் ஐந்திலொரு பங்கேனும் தணிந்தவர்கள் வேர் உண்டோரில் நூற்றுக்கு 65 பேர். மற்றையோரில் 33 பேர். ஆயினும் இடையில் நிறுத்தியோர் இரு பகுதியிலும் பலர். ஆதலின் இவ்வெண்களை நிதானித்தே கொள்ளல் வேண்டும்.

2014இல் வெளியான சீன ஆய்வில் 207 பேர் சேர்ந்தனர். நோய் பாதியளவேனும் தணிந்தவர்கள், மெதோட்றெக்சேற் மட்டும் உண்டோரில் நூற்றுக்கு 46 பேர். வேர்மருந்து மட்டும் உண்டோரில் 55 பேர். இரண்டையும் சேர்த்துண்டோரில் 77 பேர். தாம் உண்பது எம்மருந்தென நோயாளர் அறிந்திருந்தமை இவ்வாய்வின் குறை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வேரிலிருந்து 1972இல் பிரித்தறியப்பட்ட றிப்தோலைட் என்னும் பொருள், உயிர்க்கலங்கள் புதிய புரதங்களை ஆக்குவதற்கான கட்டளைகளைத் தடுக்கின்றது. நோயெதிர்ப்புச் சக்தியின் சீற்றம் தணிவது அதனாலேயே. ஆனால் அத்தடை நோய் உள்ள இடத்தோடு நிற்பதில்லை. ஆண்களுக்கு விந்தணு குறைகின்றது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுவதுண்டு. ஈரலும் சிறுநீரகமும் பழுதுறலாம். அக்கொடியின் இலையோ நஞ்சு. இனித்தான் மணம்முடித்துப் பிள்ளை பெற வேண்டிய இளைஞருக்கு இது சிறிய விலையன்று.

குணப்படுத்தும் வலிமை எதற்கு உண்டோ அதற்குக் கெடுக்கும் வலிமையும் உண்டு. எந்த அளவில், எவருக்கு, என்ன விலையில் என்பதை அளந்து சொல்வதே ஆராய்ச்சி. வேரைக் காட்டித் தந்தது முன்னோர் அனுபவம்; அதன் நன்மையையும் தீமையையும் எண்ணிக் காட்டியது பரிசோதனை. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

பெரியோர்களே, மூலிகை உண்பதாயின் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுங்கள்; ஆஸ்பத்திரி மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். இளைஞர்களே, நம் வீட்டு மூலிகைகளைப் போற்றுவதோடு அமையாது, அவற்றையும் இவ்வாறு சோதிக்க முன்வாருங்கள். சோதனைக்கு அஞ்சாத மருந்தே நம்பிக்கைக்கு உரியது.