கேளாச் செவியும் குற்றமே

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'சிலம்பில் நீதி' என்பது. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐந்தாண்டுகள் பயின்ற காப்பியம் ஆதலால் எளிதாகப் பேசிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் குறிப்பெடுக்க அமர்ந்தபோது மதுரையில் தொடங்கிய நினைவு தருமபுரி மாவட்டத்து மலையடிச் சிற்றூர் ஒன்றில் போய் நின்றுவிட்டது. அவ்வழியே உங்களையும் அழைத்துச் செல்ல இசைவு வேண்டுகிறேன்.

கோவலன் கொலைக்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாவை ஆண்டுதோறும் வகுப்பில் எழுப்புவதுண்டு. பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாள் வீசியவன் காவலருள் ஒருவன். பாண்டியன் செய்தது என்ன? ஊடிச் சென்ற தேவியை நாடி விரைந்துகொண்டிருந்தான். வழியில் ஒருவன் வந்து செய்தி சொன்னான். நின்று வினவ மன்னனுக்குப் பொழுதில்லை, ஆணை பிறந்துவிட்டது. பழி முழுவதையும் பொற்கொல்லன் தலையில் ஏற்றிவிட்டு அரசனை இளங்கோ விடுவித்திருக்கலாம். அவர் விடுவிக்கவில்லை. சிலம்பின் பரல் தெறித்தபோது, தனக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்றோ, கீழுள்ளோர் செய்த பிழை என்றோ அம்மன்னனும் சொல்லவில்லை. வினவாமை தன் குற்றமே என்று ஏற்று அரியணையிலேயே உயிர் நீத்தான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தலைவிரி கோலமாக வந்து நின்றவளைக் கண்டு வாயிற்காவலன் அஞ்சினான், ஆனால் விரட்டவில்லை. உள்ளே சென்று உரைத்தான். அரசனும் வரச் சொன்னான். அறம் பிழைத்த அந்த அரண்மனையில்கூட முறையிட வந்தவளுக்குக் கதவு திறந்தது.

இனித் தருமபுரிக்கு வருகிறேன். 1992-ஆம் ஆண்டு சூன் 20. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூர். கடத்தல் சந்தனமரத்தைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து அவ்வூருக்குள் நுழைந்தனர். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தனர். வீடுகளைச் சூறையாடினர். இளம்பெண்களைப் பிரித்து ஏரிப்பக்கம் கொண்டு சென்றனர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். பின்னர் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைக்கப்பட்டு, அங்கிருந்து சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். கொடுமைக்கு உள்ளானவர்களே கைதிகளாக்கப்பட்டனர்.

ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்வது எனக்கு எளிதன்று, சொல்லவும் போவதில்லை. நான் உங்கள் கருத்தில் பதிக்க விரும்புவது அதன்பின் வந்த வாயில்களை. ஒருவரைச் சட்டப்படி சிறைக்கு அனுப்ப எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டும்! அலுவலகம், நிலையம், நீதிமன்றம், மருத்துவ ஆய்வு, சிறை. ஒவ்வொரு வாயிலிலும் எழுதத் தெரிந்த ஓர் அலுவலர் இருந்திருப்பார். "உனக்கு என்ன நேர்ந்தது, அம்மா?" என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அந்த ஒரு கேள்விக்கு ஊர்மக்கள் பட்டபாடு கொஞ்சமன்று. 1992 சூலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தார் சென்று கேட்ட பிறகே செய்தி வெளியுலகை எட்டியது. அரசுத் தரப்போ மறுத்தது. உச்சநீதிமன்றம் வரை சென்று, சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1995-இல்தான் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

குற்றஞ்சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி நேரில் வாச்சாத்திக்குச் சென்று பார்த்து வந்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்றும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே பெறவேண்டும் என்றும் ஆணையிட்டார்.

இவற்றினும் என் நெஞ்சில் நின்றது அத்தீர்ப்பின் இன்னொரு பகுதி. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்கு நீதிமன்றம் கூறியது. ஏரிக்கரையில் இல்லாதவர்களும் தம் நாற்காலிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். சிலம்பில் பாண்டியன் ஒரு கணத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்பை நம் காலத்தில் எடுத்துச் சொல்ல முப்பத்தோராண்டுகள் ஆயின.

சட்டத்தில் வழியில்லையா எனின், உண்டு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை விதிக்கிறது. 2012-இன் போக்சோ சட்டம், குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைப் பதிவு செய்யத் தவறுவதைக் குற்றம் என்கிறது. 2013-இல் தண்டனைச் சட்டத்தில் 166ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டாண்டு வரையிலான கடுங்காவல் என்று அது விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 199-ஆம் பிரிவாக உள்ளது. கேளாச் செவியும் குற்றமே என்று ஏடு சொல்லிவிட்டது. அதைக் கையில் எடுத்தார் என்ற செய்திதான் என் கண்ணில் பட்டது அரிது.

1992-ஆம் ஆண்டிலேதான் சென்னையில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அது நற்பணியே, மறுக்கவில்லை. ஆயினும் பலகையை மாற்றுவதும் பாலினத்தை மாற்றுவதும் மட்டும் போதா என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2021-இல் தம் மேலதிகாரி மீது பாலியல் புகார் அளிக்கச் சென்னைக்குப் புறப்பட்ட ஒரு பெண் காவல் கண்காணிப்பாளரின் வண்டியே சுங்கச்சாவடியருகே வழிமறிக்கப்பட்டது. மறித்தவரும் காவல் கண்காணிப்பாளரே. 2023-இல் விழுப்புரம் நீதிமன்றம் மேலதிகாரிக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. வழிமறித்தவருக்குத் தண்டம் ஐந்நூறு ரூபாய். சீருடை அணிந்த பெண்ணின் வழியை மறித்ததற்கே ஐந்நூறு ரூபாய்தான் எனில், தலையில் விறகுச் சுமையோடு வருபவளைத் திருப்பி அனுப்பியதற்கு என்ன விலை வைப்பார்கள்?

அவையோரே, இதுவரை பிறரைச் சுட்டினேன். இனி என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விரிவுரையாளராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு மாலைப்பொழுது, வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். வீட்டில் உறவினர் ஒருவரால் தனக்கு நேரும் துன்பத்தைப் பாதி சொன்னாள். எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. "தேர்வு முடியட்டும் அம்மா, பொறுமையாகப் பேசலாம்" என்றேன். தேர்வு முடிந்தது, அவள் வரவில்லை. அடுத்த ஆண்டு படிப்பையும் தொடரவில்லை. பின்னொரு நாள் அவள் தாயைச் சந்தையில் கண்டேன். நிலையத்துக்குப் போனார்களாம். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த அலுவலரை எண்ணி வீடு வரையிலும் குமைந்தேன். இரவில்தான் உறைத்தது. அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே வாக்கியம். அவளுக்கு முதலில் மூடிய கதவு என்னுடையது. அப்பொழுது என் மேசைமீது இருந்தது வழக்குரை காதை பற்றிய என் கட்டுரை.

ஆதலால் கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க எனக்குத் தகுதி உண்டோ இல்லையோ, தேவை உண்டு. இத்தகைய கொடுமைகளைப் பற்றி நம் வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகளை மலர்ப்பணிக்காகத் தொகுத்தபோது மீண்டும் படித்தேன். கசங்கிய மலர், அம்பு பட்ட மான், உடைந்த யாழ் எனப் பாதிக்கப்பட்டவளுக்கு உவமைகள் பல. கதவை அடைத்தவருக்கு ஓர் உவமைகூட இல்லை. ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. நம் கவிதையிலும் அவர் தப்பிவிடுகிறார். இளங்கோவோ அரசன் எங்கே விரைந்தான், எதற்காக விரைந்தான், வழியில் யார் எதிர்ப்பட்டார் என்பது வரை எழுதி வைத்தார். வழக்கறிஞர் ச. பாலமுருகன் 2004-இல் வெளியிட்ட 'சோளகர் தொட்டி' நாவல், அதிரடிப்படையினரால் மலைமக்கள் பட்ட துயரைக் காலமும் இடமும் தெளிவாக எழுத்தில் வைத்தது. அந்தத் துணிவு கவிதைக்கும் கைகூடும்.

மற்றொன்று எழுத்தைவிட எளியது. இவ்வட்டத்தில் ஆசிரியர் உள்ளனர். வங்கி அலுவலர் உள்ளனர். வழக்கறிஞர் இருவர் உள்ளனர். மனு எழுதத் தெரிந்த நாம் எழுதத் தெரியாதவளோடு நிலையத்துக்கு உடன்செல்லலாம். எந்த நிலையத்திலும் புகார் தரலாம். எல்லை காட்டி மறுக்க இயலாது. முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெற அவளுக்கு உரிமை உண்டு. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன்பின் நீதித்துறை நடுவரை அணுகலாம். சென்ற நாள், நேரம், பணியிலிருந்த அலுவலரின் பெயர், அவர் சொன்ன மறுமொழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாளை 199-ஆம் பிரிவுக்கு உயிர் தருவது அக்குறிப்பேடுதான்.

நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டில் அப்படி ஒரு குறிப்பேடு தொடங்குவோம் என்று முன்மொழிகிறேன். அதன் முதற்பக்கத்தில் அந்த மாலைப்பொழுதையும் என் பெயரையும் நானே எழுதித் தருகிறேன்.