சம்பள நாளிலிருந்து சம்பள நாள் வரை: வீடு திரும்பும் குடும்பங்களுக்கான செலவுக் கணக்கு

(நலன்புரி நிலையத்திலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கான கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களை எப்படிப் புரட்டிப் போட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் படுத்து எழுந்தவர்கள் நீங்கள். இனி லயத்துக்கோ, உறவினர் வீட்டுக்கோ, வாடகை அறைக்கோ போகப் போகிறீர்கள். போன மறுநாளே அடுப்பு எரிய வேண்டும். அந்த அடுப்பை மாதம் முழுவதும் எரிய வைப்பது பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மக்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க யாரும் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. ஒரு தேங்காய்ப் பாதியை இரண்டு நாளைக்கு ஓட்டத் தெரிந்தவர்கள் நீங்கள். ஆனால் இப்போது இரண்டு சுமைகள் சேர்ந்து வருகின்றன. வீட்டுச் சாமான்களை மறுபடியும் வாங்க வேண்டும், விலைகளும் ஏறியிருக்கின்றன. மனக்கணக்கு மட்டும் போதாது, எழுத்துக் கணக்கு வேண்டும்.

2022 சொல்லித் தந்த பாடம்

2022ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை, ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா தேவைப்பட்டது என்று அர்த்தம். பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, பழைய விலை திரும்பி வரவில்லை.

அந்த நேரத்தில் பல வீடுகளில் முதலில் நின்றது பிள்ளைகளின் முட்டையும் பாலும்தான். கடைசிவரை நிற்காமல் ஓடியது வட்டி. இம்முறை அந்த வரிசையை மாற்ற வேண்டும்.

வரவைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்

சம்பளக் கணக்கு பலருக்கும் கைக்கு வரும் தொகையாகத்தான் தெரியும். சம்பளச் சீட்டை வாசித்துப் பாருங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள்.

2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ரூபாவாக்கி, அரசாங்கம் தரும் வருகை ஊக்குவிப்பாக 200 ரூபாவும் சேர்த்து 1750 ரூபா என்று அறிவித்தார்கள். வானொலியில் கேட்ட 1750ஐ வைத்துக் கணக்குப் போட வேண்டாம். உங்கள் சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் உங்கள் வரவு. ஊக்குவிப்புத் தொகையைக் கையில் வாங்கிய பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு தாய் மாதத்தில் 20 பேர் வேலை செய்கிறார். 1550 ரூபாப்படி 31,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,480 ரூபா கழியும். மிச்சம் 28,520. தீபாவளி முற்பணத் தவணை, சங்கச் சந்தா போன்ற பிடிப்புகளுக்கு 4,000 ரூபா என்று வைப்போம். கைக்கு வருவது 24,520 ரூபா.

சேமலாப நிதிக்கு நீங்கள் 8 சதவீதம் கட்டும்போது தோட்ட நிர்வாகம் 12 சதவீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம் நிர்வாகம் தனியாகக் கட்ட வேண்டும். அங்கத்துவ இலக்கம் எழுதிய காகிதம் வெள்ளத்தில் போயிருந்தால் தோட்டக் காரியாலயத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் சுவர்க் கலண்டரில் அன்றைய பேரைக் குறியுங்கள். முழுப் பேரா, அரைப் பேரா, கொழுந்து எத்தனை கிலோ என்று எழுதுங்கள். சம்பள நாளில் சீட்டையும் கலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வித்தியாசம் இருந்தால் அந்த வாரத்திலேயே கணக்கப்பிள்ளையிடமோ சங்கத் தலைவரிடமோ கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு குடும்பத்தின் மாதம்

அதே தாயின் வீட்டுக்காரர் மரக்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்து மாதம் 22,000 ரூபா கொண்டு வருகிறார் என்று வைப்போம். மொத்த வரவு 46,520 ரூபா. மூன்று பிள்ளைகள். அவர்கள் போடும் கணக்கு இது:

அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், தேங்காய், சீனி, தூள் வகை: 22,000
பிள்ளைகளுக்கு முட்டை, பால், நெத்தலி, கடலை: 4,500
பாடசாலைச் செலவும் பஸ் காசும்: 4,000
மின்சாரம், மண்ணெண்ணெய், காஸ்: 3,500
கடன் தவணை: 5,000
சவர்க்காரம், மருந்து: 3,000
வெற்றிலை, ரீலோட், சில்லறைச் செலவு: 2,500
அவசரத்துக்கு ஒதுக்குவது: 1,500

கூட்டினால் 46,000. மிச்சம் 520 ரூபா. உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கும், அது பரவாயில்லை. இந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதைப் பாருங்கள். மழையால் அந்தத் தாய்க்கு இரண்டு பேர் குறைந்தால் சேமலாப நிதி கழித்து 2,852 ரூபா குறையும். 520 ரூபா எங்கே, 2,852 ரூபா எங்கே! அந்தத் துண்டு விழும் இடத்தில்தான் கடைக் கொப்பியும் வட்டிக்காசும் வீட்டுக்குள் வருகின்றன.

ஆகவே துண்டு விழுவதற்கு முன்பே, எதை முதலில் குறைப்பது என்று புருஷனும் மனைவியும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். முதலில் சில்லறைச் செலவு. பிறகு சீனியும் கடைப் பலகாரமும். கடன்காரரிடம் முன்கூட்டியே போய்த் தவணை கேட்பது அதற்கு அடுத்தது. பிள்ளையின் முட்டையும் பாடசாலையும் கடைசி வரியில் இருக்கட்டும்.

சில்லறைச் செலவு சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்கு 100 ரூபா என்றால் மாதத்துக்கு 3,000, வருடத்துக்கு 36,500 ரூபா. சாராயத்துக்கும் கசிப்புக்கும் போவதை ஆண்கள் தாங்களே எழுதிக் கூட்டிப் பாருங்கள். பெண்பிள்ளையின் சம்பளத்தை ஆண் போய் வாங்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உழைத்தவர் கையில் காசு வரட்டும், கணக்கு இருவர் கண்ணிலும் படட்டும்.

வயிற்றைக் கட்டாத சிக்கனம்

2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதையும் எடுத்தால் அது 17 சதவீதம். நம் பிள்ளைகளின் சாப்பாட்டில் இனிமேல் குறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மூன்று வேளையும் ரொட்டியும் சம்பலும் என்றால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. ரொட்டியோடு ஒரு பிடி மைசூர் பருப்போ, கடலையோ, பயறோ, நெத்தலியோ சேர்த்தால் அதே காசில் கூடுதல் சத்து. கடைப் பாணை விட வீட்டு ரொட்டி மலிவா என்று விறகையும் எண்ணெயையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகள் உள்ளவர்களும் திரிபோஷ பற்றிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இடம் மாறியிருந்தால் புதிய இடத்து உத்தியோகத்தரிடம் பதிவது அவசியம்.

சம்பளம் வந்த வாரம் நல்ல சாப்பாடு, மூன்றாம் வாரம் சாயத் தண்ணி என்பது நமக்குப் பழகிப்போன வழக்கம். அதை உடைக்க எளிய வழி, 10ஆம் திகதிக்குப் பின் அரிசி, மா, பருப்பு, சீனி நான்கையும் மாதத்துக்கு வேண்டிய அளவு ஒரேயடியாக வாங்கி மூடியுள்ள வாளியில் வைப்பது. மரக்கறிக்கான காசை நான்கு கடித உறைகளில் பிரித்து, வாரத்துக்கு ஒரு உறையை மட்டும் திறவுங்கள். ஈரம் பட்ட மா, பூஞ்சை பிடித்த அரிசி கைவசம் இருந்தால் வெயிலில் காயவைத்துச் சமைக்க வேண்டாம். மருந்துச் செலவு அதைவிடக் கூட.

விறகுக்கு மிளாறு கிடைக்கும் காலத்தில் சேர்த்து, கூரைக்குக் கீழே காயவையுங்கள். ஈர விறகு புகையையும் இருமலையும்தான் தரும். லயத்துக்கு மேலே உள்ள சரிவில் மரம் வெட்ட வேண்டாம். அந்த வேர்கள்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதே காரணத்துக்காகச் சரிவைக் கொத்தித் தோட்டம் போடாமல், பழைய வாளியிலும் உரப் பையிலும் வல்லாரை, பொன்னாங்காணி, வெங்காயத்தாள் நடுங்கள். ஆறு பை இருந்தால் வாரத்தில் சில நாள் கீரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடன்

பாதை மூடியிருந்த நாட்களில் கடைக்காரர் கொப்பியில் எழுதிச் சாமான் தந்திருப்பார். அது பெரிய உதவி. அந்தக் கணக்கை மறைக்காமல் போய்ப் பேசுங்கள். ஒரு கொப்பி அவரிடமும் ஒரு கொப்பி உங்களிடமும் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் இரண்டிலும் எழுதட்டும்.

வட்டிக்காசு வேறு விஷயம். 10,000 ரூபாவுக்கு மாதம் 10 வட்டி என்றால் மாதம் 1,000 ரூபா. ஒரு வருடத்தில் 12,000 ரூபா கட்டிய பிறகும் முதல் 10,000 அப்படியே நிற்கும். நகை இருந்தால் தனியாரிடம் போகுமுன் இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ அடகு வட்டியைக் கேட்டு ஒப்பிடுங்கள். குழுக் கடனில் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? ஒரு தவணை தவறினால் என்ன? மற்றவர் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டுமா? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும் நிலை வந்தால், அன்றைக்கே எங்கள் களப் பணியாளரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிவாரணப் பணம்

நிவாரணமாக வரும் தொகை மாதச் சம்பளம் அல்ல. அதை அரிசிக் காசோடு கலந்தால் எங்கே போனது என்று தெரியாது. தனி வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். பாய், போர்வை, சட்டி பானை, பிள்ளைகளின் சப்பாத்து, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மறுபடி எடுக்கும் செலவு, இவை முதலில். தொலைக்காட்சி பிறகு பார்க்கலாம். நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க யாருக்கும் கைக்காசு கொடுக்க வேண்டாம். பெயர் விடுபட்டிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அஸ்வெசும பெறுபவர்கள் விலாசம் மாறியிருந்தால் அதையும் அறிவியுங்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

"வாடகை மிச்சம் பிடிக்க, வெடிப்பு விழுந்த லயத்துக்கே போகலாமா?"

போக வேண்டாம், அம்மா. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துப் பாதுகாப்பு என்று சொல்லாத இடத்துக்குப் போய் மிச்சம் பிடிக்கும் காசு நமக்குத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆபத்து இருப்பதாக முன்பே சொல்லப்பட்டிருந்தது, போக மாற்றிடம்தான் இருக்கவில்லை. மாற்றிடம் கேட்பது உங்கள் உரிமை, எழுத்தில் கேளுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் சாமான் பார்க்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

"520 ரூபா மிச்சத்தில் என்ன சேமிப்பது?"

கேட்டவர் சொல்வது நியாயம். சம்பளம் போதாது என்பது உண்மை, அதைக் கொப்பியால் தீர்க்க முடியாது. அதற்குச் சங்கத்தில் பேச வேண்டும், கேட்க வேண்டும். ஆனால் ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் வாரம் 200 ரூபாப்படி நம்பிக்கையான சீட்டாகப் போட்டால், வாரம் ஒரு வீட்டுக்கு 2,000 ரூபா சேரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இரவில் வட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போக அது போதும். யாருக்கு எந்த வாரம் என்பதை முதல் நாளே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வெற்றுக் கணக்குத் தாள் இருக்கிறது. வீடு போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து அதை நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த மாதம் உங்கள் தோட்டத்துக்கு வரும்போது கேளுங்கள், கூட உட்கார்ந்து பார்ப்போம்.