கலி நுழைந்த வழி

உண்ணாயி வாரியரின் நளசரிதத்தைக் கதகளியாகப் பலர் விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். நான்கு நாள் கதை. இரண்டாம் நாளில் வரும் கலியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தமயந்தி நளனுக்கு மாலையிட்டதில் அவனுக்குக் கோபம். ஆனால் நேரே சண்டைக்குப் போகவில்லை. புஷ்கரனிடம் போய், ஒரே வம்சத்தில் பிறந்தும் அண்ணனுக்கு மட்டும் ராஜ்யமா என்று கிளப்பிவிடுகிறான். பொறாமை கலி கொடுத்ததல்ல, முன்பே இருந்தது. கலி கொடுத்தது தைரியம் மட்டுமே. பாகப்பிரிவினை வழக்குகளிலும் இப்படி ஒரு 'வேண்டியவர்' இருப்பார்!

நளனிடம் இந்த வித்தை பலிக்காது. பாரதக் கதைப்படி 12-ஆம் வருஷம்வரை காத்திருந்து, கால் அலம்பாமல் சந்தி செய்த அன்று உள்ளே புகுந்தான். பிறகு தமயந்தி சொல்லும் ஏறவில்லை, மந்திரிகள் சொல்லும் ஏறவில்லை.

மூன்றாம் நாள் கலி வெளியே வந்து கைகூப்புகிறான். நளன் வெட்டப் போய், மன்னித்து விட்டுவிடுகிறான்.