ஆடவரும் ஆடையும்



ஆடவரின் உடையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். பெண்டிர் உடையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை; ஆடவர் உடையைப் பற்றியோ நம்மிடையே பேச்சே குறைவு. அதைப் பற்றிப் பேசுவது ஆண்மகனுக்குத் தகாத ஆடம்பரம் என்றுகூடச் சிலர் கருதுவர். ஆனால் ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று சொன்னவர்கள் நம் முன்னோரே. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சொன்னவர்களும் அவர்களே. முதற் பழமொழி, உலகம் நம்மை எவ்வாறு எடைபோடுகிறது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, அந்த எடையைப் பெறுவதற்குப் பணம் முதற்காரணம் அன்று என்பதைக் காட்டுகிறது.

சொந்த ஊரில் வாழ்பவனுக்கு உடை ஒரு பெரிய கவலை அன்று. அவன் இன்னார் மகன், இன்ன தெருக்காரன் என்பதை ஊர் அறியும். பிழைப்பை நாடித் தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ சென்றவனுக்கு அந்த அறிமுகம் இல்லை. வேலைக்கு நேர்முகம் காணச் சென்றாலும், குடியிருக்க வீடு கேட்டுச் சென்றாலும், அவனுடைய பெயரைச் சரியாக உச்சரிக்கவும் இயலாதவர்கள் முதலில் காண்பது அவன் உடையைத்தான். மொழி தயங்கி நிற்கும் இடத்தில் உடை முன்னே சென்று பேசிவிடுகிறது.

இதனை உணர்ந்த இளைஞர் சிலர், முதற் சம்பளத்தில் பாதியைத் துணிக்கடையில் கொடுத்துவிட்டு, ஊரில் காத்திருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்ப வேண்டிய தொகைக்குக் கடன் தேடுகின்றனர். வேறு சிலர், ‘ஆளைப் பார்க்கட்டும், ஆடையை ஏன் பார்க்க வேண்டும்?’ என்று கூறிக் கசங்கிய சட்டையோடு செல்கின்றனர். இரண்டும் நமக்கு நன்மை தருவன அல்ல. குறைந்த செலவில் நிறைவாக உடுத்துவதற்கு வழி உண்டு. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் நாம். உடைக்கு மூன்று பொருத்தம் பார்த்தால் போதும். காற்றுக்குப் பொருத்தம், உடலுக்குப் பொருத்தம், காரியத்துக்குப் பொருத்தம் என்பனவே அவை.

முதலில் காற்று. சென்னையில் மார்கழி இரவிலும் ஒரு போர்வை மிகையாகத் தோன்றும். தில்லியில் சனவரி மாதத்து இரவு வெப்பம் சராசரியாக 7 பாகை அளவுக்கு இறங்குகிறது. அதே தில்லியில் மே, சூன் மாதங்களில் 40 பாகைக்கு மேலும் கொதிக்கிறது. ஆகவே தில்லிவாசிக்கு ஓர் ஆண்டில் இரு வேறு உடைத் தொகுதிகள் வேண்டும். மும்பையில் குளிர் ஒரு பொருட்டன்று. சூன் முதல் செப்டம்பர் வரை மழையே அரசு செலுத்துகிறது. கொல்கத்தாவில் வெயிலைவிட வியர்வையே பெரிதாகத் துன்புறுத்தும். பெங்களூரிலோ மாலையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கைவசம் இருந்தால் போதும்.

துணிகளின் இயல்பை அறிந்தால் தேர்வு எளிதாகும். இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்குக்குச் சற்று மேலாக ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். கம்பளி 16 பங்கு வரை ஏற்கும். பாலியெஸ்டரோ அரைப் பங்கு அளவும் ஏற்பதில்லை. கோடையில் பாலியெஸ்டர் சட்டை உடம்போடு ஒட்டிப் புழுங்க வைப்பதன் காரணம் இதுவே. ஆயினும் அதனை முற்றிலும் ஒதுக்க வேண்டுவதில்லை. ஈரத்தை ஏற்காத துணி விரைவில் உலர்ந்துவிடும் அல்லவா? மும்பை மழைக் காலத்தில், கொடியில் இரண்டு நாள் கிடந்தும் உலராத பருத்திச் சட்டையைவிடப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த சட்டை அலுவலகம் செல்வோருக்கு உதவும். கோடைக்குத் தூய பருத்தி, மழைக்குக் கலப்புத் துணி, பனிக்குக் கம்பளி என்று கொள்வது நலம்.

வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி மிகக் கனத்த மேலங்கி ஒன்றை வாங்கிவிடுவோர் பலர். கனமான ஓர் ஆடையைவிட மெல்லிய இரண்டு மூன்று ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே மேல். அடுக்குகளின் இடையே தங்கும் காற்றுதான் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. மேலும், நண்பகலில் வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே திருப்பூர், வெளியே லூதியானா என்று நினைவில் வைத்துக்கொள்வோம். திருப்பூர்ப் பருத்திப் பனியன் வியர்வையை வாங்கிக்கொள்ளும்; லூதியானாவின் கம்பளிப் பின்னலாடை குளிரைத் தடுக்கும். காதை மூடும் மஃப்ளரைக் கண்டு பிறர் நகைப்பார்களோ என்று கூச வேண்டா. சளியும் இருமலும் வந்தபின் எந்தக் கோட்டும் அழகு தராது.

அடுத்து உடற்பொருத்தம். விலை உயர்ந்த துணியும் அளவு தவறினால் இரவல் வாங்கியது போலத் தோன்றும். சட்டையின் தோள் தையல் நம் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். காலர் பொத்தானைப் போட்டபின் ஒரு விரல் உள்ளே செல்லும் இடம் இருக்க வேண்டும். முழுக்கை மணிக்கட்டோடு முடிய வேண்டும். கால்சட்டையின் விளிம்பு காலணியின் மேற்புறத்தைத் தொட்டால் போதும். அதன்மேல் மடிந்து குவியலாகாது. ஆயத்த ஆடை வாங்கும்போது முதலில் தோளைப் பார்க்க வேண்டும். இடுப்பையும் நீளத்தையும் தையற்காரர் பின்னர்ச் சரிசெய்துவிடுவார். தோளைத் திருத்துவது எளிதன்று.

துணி எடுத்துத் தைப்பவர்கள் பருத்தித் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உலர்த்திய பின்னரே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும். இடுப்புத் தையலின் உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டுத் தைக்கச் சொன்னால், சில ஆண்டுகளில் உடல் பருத்தாலும் அதே கால்சட்டை உதவும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கருத்த மேனியருக்கு இன்ன நிறம் ஒவ்வாது என்று கடைக்காரர் சொல்லக் கேட்டு மனம் குன்றுவோர் நம்மில் உண்டு. அப்படி ஒரு விதியும் இல்லை. வெண்மை, சந்தன நிறம், இளநீலம், ஆழ்ந்த அரக்குச் சிவப்பு ஆகிய யாவும் கருமேனிக்குப் பொலிவூட்டுவனவே. ஆனால் கடையின் விளக்கொளியில் கண்ட நிறத்தை நம்பிவிடலாகாது. துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, காரியத்துக்குப் பொருத்தம். இங்கே, வெளி மாநிலங்களில் வாழ்ந்து புகழ் பெற்ற தமிழர் மூவரை நினைவு கூரலாம். 1907ஆம் ஆண்டு நிதித்துறை அலுவலராகக் கொல்கத்தாவுக்குச் சென்ற சர் சி. வி. ராமன், 1930இல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு பெற்றபோதும் தம் தலைப்பாகையை விட்டுவிடவில்லை. 1948 முதல் 1950 வரை தில்லியில் தலைமை ஆளுநராக வீற்றிருந்த இராஜாஜி, அந்தப் பெரிய மாளிகையிலும் கதர் வேட்டியோடும் ஜிப்பாவோடுமே விளங்கினார். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், பதவிக்கு உரிய கழுத்து மூடிய கோட்டை ஏற்றார். ஆயினும் கழுத்தை இறுக்காதவாறு முன்புறம் சற்றுத் திறந்திருக்கும்படி அமைத்து அணிந்தார். ஒருவர் தம் உடையில் ஒரு பகுதியைக் காத்தார். ஒருவர் முழுவதும் காத்தார். ஒருவர் புதியதை ஏற்றுத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டார். மூவரையும் உலகம் மதித்தது. நமக்கும் இம்மூன்று வழிகளும் திறந்தே இருக்கின்றன.

வேட்டியை வெளி மாநிலத்தில் கட்டலாமா என்று ஐயுறுவோர் உண்டு. 2014ஆம் ஆண்டு, சென்னையிலேயே ஒரு மன்றத்தில், வேட்டி கட்டி வந்தமைக்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு நுழைவு மறுக்கப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடைகளை விலக்கிச் சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். எல்லைக்கு வெளியே வேட்டியின் மதிப்பு நாம் அதனைக் கட்டும் விதத்தில் இருக்கிறது. இயந்திரத்தின் அருகே வேலை செய்பவரும், நெருக்கடி மிகுந்த மின்சார இரயிலில் தொற்றிச் செல்பவரும் கால்சட்டை அணிவதே அறிவுடைமை. விழா, வழிபாடு, தமிழ்ச் சங்கக் கூட்டம், ஓய்வுநாள் மாலை ஆகியவற்றுக்கு வேட்டி நிறைவான உடை. வெளுத்த வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையும் எந்த அவையிலும் தலைகுனிய வைக்கா.

ஆனால் நம் ஊரில் பெரியவரைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுகிறோமே, அந்த மரியாதை பிற மாநிலத்தார் நடுவில் இன்னும் கண்டிப்பாகப் பேணத்தக்கது. மடித்துக் கட்டுவதன் பொருளை அறியாதவர்கள் அதனை அலட்சியம் என்று எண்ணிவிடுவார்கள். நாலு முழம் வீட்டுக்கு, எட்டு முழம் சபைக்கு என்று வைத்துக்கொள்வது நன்று. வாங்கும்போது நூலின் எண்ணைக் கேட்க வேண்டும். எண் உயர உயர நூல் மெல்லியதாகும். 40ஆம் எண் நூல் அன்றாட உழைப்புக்கு ஏற்றது. 80, 100 எண்ணுடையவை விழாவுக்கு உரியவை. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டத் தெரியவில்லையாயின், இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்த வேட்டியில் தொடங்கட்டும்; தந்தை அருகிலிருந்து கற்பித்தால் சில நாளில் பட்டை தேவைப்படாது.

இனி, எத்தனை உடை வேண்டும்? அலுவலகம் செல்பவருக்கு ஆறு சட்டையும் மூன்று கால்சட்டையும் தாராளம். சட்டைகள் வெண்மையும் இளநிறமுமாக இருக்கட்டும். கால்சட்டைகள் கருநீலம், சாம்பல், பழுப்பு என அமையட்டும். எந்தச் சட்டையும் எந்தக் கால்சட்டைக்கும் இணங்குமானால் 18 வகைச் சேர்க்கை கிடைக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றாலும் மூன்று வாரம் ஒரே தோற்றம் திரும்ப வராது. இவற்றோடு இரண்டு வேட்டி, ஒரு தோல் காலணி, ஒரு செருப்பு, காலணியின் நிறத்திலேயே ஓர் இடைவார் ஆகியவை சேர்ந்தால் அடித்தளம் முடிந்தது. வடநாட்டில் இருப்பவர் இரண்டு ஸ்வெட்டரும், கருநீலத்திலோ சாம்பல் நிறத்திலோ ஒரு கம்பளிக் கோட்டும் சேர்த்துக்கொள்வர்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் வாங்க முற்படலாகாது. முதல் மாதம் இரண்டு சட்டையும் ஒரு கால்சட்டையும். அடுத்து நல்ல காலணி. பிறகு மாதம் ஒன்று. குளிர் வருமுன் ஸ்வெட்டர் வாங்கிவிட வேண்டும். கோட்டு அடுத்த ஆண்டுக்கு ஆகலாம். மாசி மாதத்தில் குளிர் தணியும்போது கம்பளி ஆடைகளைக் கடைக்காரர்கள் விலை தள்ளி விற்பதுண்டு. பொறுத்தவர் அப்போது வாங்கலாம். காலணியில் மட்டும் மலிவை நாட வேண்டா. இரு மடங்கு விலையுள்ளது மூன்று மடங்கு காலம் உழைக்குமாயின் அதுவே மலிவானது. ஆண்டுக்கு ஒன்றாவது கைத்தறியாக இருக்கட்டும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கடைகள் வெளி மாநிலங்களிலும் உள்ளன. சேலத்து நெசவாளியின் வேட்டியை நம்மவர் அங்கே வாங்கினால், ஊரில் ஒரு தறி நிற்காமல் ஓடும்.

வாங்குவதைவிடப் பேணுவது பெரிது. வண்ணச் சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் மங்காது. கஞ்சி போட்ட வேட்டியை மழைக் காலத்தில் பெட்டியில் அடுக்கலாகாது, பூஞ்சணம் பிடிக்கும். நெடுநாள் வைப்பதாயின் கஞ்சியில்லாமல் துவைத்து வைக்க வேண்டும். பங்குனி பிறந்ததும் கம்பளி ஆடைகளைத் துவைத்து, வெயில் காட்டி, அந்துருண்டை இட்டு வைக்க வேண்டும். அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளியையே அந்துப்பூச்சியின் புழு முதலில் தேடும். ஒரே காலணியை நாள்தோறும் அணியாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணிந்தால் உள் ஈரம் உலர்ந்து தோல் நெடுங்காலம் நிற்கும். அறுந்த பொத்தானை அன்றிரவே தைத்துவிட வேண்டும். ஊசியும் நூலும் பெண்டிருக்கு மட்டும் உரியவை அல்ல.

நாள் கூலிக்கு உழைப்பவர்களுக்கு ஆறு சட்டையும் மிகை என்பதை அறிவோம். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில், ஏழை மக்களுக்கு முழு ஆடை இல்லாத நிலையைக் கருதி, காந்தியடிகள் தம் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார். உடையின் மதிப்பு அதன் விலையிலோ அளவிலோ இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? இரண்டே சட்டை உள்ளவரும் ஒன்றைத் துவைத்து மற்றொன்றைத் தூயதாக அணிந்து வேலைக்குச் செல்லும்போது நன்றாக உடுத்தியவரே ஆவார்.

காலையில் உடுத்திய உடையை மாலைவரை நாம் மறந்திருக்க முடிந்தால், அது நல்ல உடை. இறுக்காமல், புழுக்காமல், வெட்கப்பட வைக்காமல் அது தன் வேலையைப் பார்க்கும். நாம் நம் வேலையைப் பார்க்கலாம். பிறர் ஊரில் தலை நிமிர்ந்து நிற்பதற்கு நிறைந்த பெட்டி வேண்டுவதில்லை. தேர்ந்து வாங்கிய சிலவும், தினந்தோறும் சிறிது பேணுதலும் போதும்.