விடிலியில் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளமைக்கால நினைவுகள்'. விடுதிச் சாம்பாரையும் கடைசி பெஞ்சையும் பற்றி என்னைவிட ருசியாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முந்தின பதினேழு வருஷத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கம். செம்மண் தேரிக்காட்டு ஓரம். மழை குறைவு, மணல் அதிகம். நெல்லுக்கு வழியில்லாத மண்ணில் பனை மட்டும் தானாக நிற்கும். அப்பா பனையேறி. மரங்கள் எங்களுடையவை அல்ல. ஒரு நாள் பதனி மரத்துக்காரருக்கு, மறுநாள் பதனி எங்களுக்கு. இதுதான் ஏற்பாடு.

மாசி பிறந்தால் வேலை தொடங்கும், ஆடி வரைக்கும் ஓடும். பாளை விட்டதும் அதைக் கடிப்பு என்கிற மர இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயம் கட்ட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் சுண்ணாம்பு விஷயத்தில் அப்பா கண்டிப்பானவர். காலையில் ஏறிப் பதனி இறக்க வேண்டும், சாயங்காலம் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். ஆகவே காய்ச்சல், கல்யாணம், இழவு எதற்கும் லீவு கிடையாது.

நான் இன்ஜினியர் ஆன பிறகு ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மரம், மரத்துக்கு 45 அடி, நாளைக்கு இரண்டு தடவை. மொத்தம் 3,600 அடி. கிட்டத்தட்ட 1,100 மீட்டர் செங்குத்தாக ஏறி, அதே அளவு இறங்கியிருக்கிறார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், சாய்த்து வைத்து முதல் எட்டு எடுக்க ஒரு முருக்குத்தடி. பாதுகாப்புக் கயிறு என்று ஒன்றும் கிடையாது. மரம் உரசி உரசி நெஞ்சுத் தோல் காய்த்துப் போயிருக்கும். ராத்திரி அதில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. உராய்வைப் பற்றி முதலாம் ஆண்டில் நம் பேராசிரியர் நடத்தும்போது எனக்குக் கரும்பலகை தெரியவில்லை, அந்த நெஞ்சுதான் தெரிந்தது.

ஆனால் நான் படித்த முதல் தொழிற்சாலை அம்மாவின் விடிலி. விடிலி என்றால் பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. நம் பக்கத்து நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். காவோலையும் உடைமுள்ளும் எரிந்து புகை மண்டிக் கிடக்கும். சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பதனியைத் தெளிய வைத்து, வடிகட்டி, பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவார். எட்டுப் பத்து லிட்டர் பதனி வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பாதி வற்றும்போது நுரை பொங்கிச் சட்டிக்கு வெளியே வரப்பார்க்கும். அப்போது அம்மா ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவார். நுரை பொசுக்கென்று அடங்கிவிடும். இன்றைக்கு நான் வேலை பார்ப்பது ஆவியாக்கிக் கலன்கள் செய்கிற கம்பெனியில். நுரையடக்கி என்று டப்பாவில் அடைத்துக் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். வாங்குகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வரும்.

கடைசிப் பதம்தான் முக்கியம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டை பிடித்தால் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் கருப்பட்டி கசியும், ஒரு நிமிஷம் பிந்தினால் கருகும். மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றி ஆற விடுவார். அந்த அடுப்பு வெளிச்சத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். இதை வறுமைக் கதையாகச் சொல்லவில்லை. வீட்டில் மின்விளக்கு இருந்தது. அம்மாவுக்குப் பேச்சுத் துணை வேண்டும், அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்தேன்.

இனி ஒரு கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆவணியிலிருந்து தை வரை எங்களுக்கு வருமானம் கிடையாது. அந்த ஆறு மாசமும் ஊரில் ஒரு கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் சாப்பாடு. பணத்துக்கு வட்டி இல்லை என்பார். ஆனால் சீசனில் காய்ச்சுகிற கருப்பட்டி முழுவதையும் அவருக்கே போட வேண்டும். சந்தை விலையைவிடக் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு. அதுபோக ஈரக் கழிவு என்று பத்துக் கிலோவுக்குக் கால் கிலோ தள்ளுவார். ஆடி முடியும்போது கணக்குப் பார்த்தால் எப்போதும் நாங்கள்தான் பாக்கி.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடிலிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். 2003-ல் நான் எட்டாம் வகுப்பு. அந்தக் கோடுகளை ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். எடை எவ்வளவு, யார் தூக்கிப் போனார், அவர் கொடுத்த சீட்டில் என்ன இருந்தது, எல்லாம். சீசன் முடிவில் கூட்டினால் அவர் கணக்குக்கும் எங்கள் கணக்குக்கும் 31 கிலோ வித்தியாசம்.

அப்பா போக மாட்டேன் என்றுவிட்டார். "அடுத்த மழைக்கு அவுக வாசல்லதான நிக்கணும்" என்றார். அம்மா முந்தானையில் நோட்டை முடிந்துகொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வியாபாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "பிள்ளைக் கணக்கால்லா இருக்கு" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளைக் கணக்குதான் அண்ணாச்சி. நீங்களே ஒருக்கா கூட்டிப் பாருங்க" என்றார். அவர் மூன்று தடவை கூட்டினார். கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 24 கிலோவுக்குப் பணம் கொடுத்தார். மிச்சம் ஈரக் கழிவு என்றார். அம்மா பேசாமல் வாங்கிக்கொண்டார்.

நம் பக்கத்துச் சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் கைதட்டல் விழும். நடந்தது வேறு. அந்த ஐப்பசியில் அவர் முன்பணம் தரவில்லை. வேறு யாரையும் தர விடவும் இல்லை. அப்பா தூத்துக்குடிக்கு மூட்டை தூக்கப் போய் வாரம் ஒருதரம் வந்தார். அம்மா ராத்திரி பகலாக ஓலைப்பெட்டி முடைந்தார். ரேஷன் அரிசியும் பனங்கிழங்கும்தான் சாப்பாடு. என் தங்கை ஒன்றரை மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை, அவளும் பெட்டி முடைந்தாள். நோட்டு எழுதியவன் நான், அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள் மூன்று பேரும். 2004 மாசியில் யாருக்கும் கடன் இல்லாமல் சீசன் தொடங்கினோம். கருப்பட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் பஸ் ஏற்றி, திருச்செந்தூரில் விற்றோம். தங்கை திரும்பவும் பள்ளிக்கூடம் போனாள். இப்போது அவள் நர்ஸ்.

2005-ல் என் சித்தப்பா மரத்திலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அப்பா, அன்று சாயங்காலமே தன் மரங்களையும் சித்தப்பாவின் மரங்களில் பாதியையும் சீவிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரிதான் என்னிடம் சொன்னார்: "ஏல மக்கா, நீ கீழ நின்னு கலயம் வாங்கு, போதும். மேல ஏறுறது என்னோட போகட்டும்." நான் இன்றுவரை ஒரு பனையிலும் ஏறியதில்லை.

2007-ல் பிளஸ் டூ முடித்தேன். நுழைவுத் தேர்வு ரத்தாகி, மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்கை நடந்த முதல் வருஷம் அது. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி என்று ஒன்று இருப்பதே எங்கள் பள்ளிக்கூடத்தில் பலருக்குத் தெரியாது. அந்த மாற்றம் மட்டும் ஒரு வருஷம் தள்ளியிருந்தால் இந்த மேடையில் வேறு யாராவது நின்றிருப்பார்கள். கவுன்சலிங்குக்கு அப்பாவும் நானும் சென்னைக்குப் போனோம். அதற்கு முன்னால் ஒரு சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் எழுத்தர் 'விவசாயம்' என்று எழுதினார். அப்பா எட்டிப் பார்த்து என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "விவசாயம் இல்லங்கய்யா, பனையேறி" என்றார். எழுத்தர் அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வேலைக்குப் போன பிறகு, 2019-ல் அம்மாவுக்குப் புகைபோக்கி வைத்த ஓர் அடுப்பும் எவர்சில்வர் தட்டுச்சட்டியும் செய்து கொடுத்தேன். விறகு குறைந்தது, இருமலும் குறைந்தது. கூடவே ஒரு வெப்பமானியும் வைத்தேன். அதை அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதினோரு நாள் நான் பக்கத்தில் நின்று குறித்துப் பார்த்தேன். அவர் விரலால் உருட்டி 'போதும்' என்று சட்டியை இறக்கிய பதினோரு தடவையும் 117-க்கும் 119 பாகைக்கும் நடுவில்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் இந்தத் துல்லியத்துக்குத் தனியாக விலை போட்டு வசூலிக்கிறோம்.

1978-லேயே பனையை மாநில மரம் என்று அறிவித்தார்கள். 2021-ல் கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். 2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் சந்தோஷம். ஆனால் மரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏறுகிறவனுக்கு இன்னும் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பதினேழு பேர் ஏறினார்கள், இப்போது இரண்டு பேர். பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மேலே போவதற்கு எங்கள் ஊரில் இனி இரண்டு வழி!

பனையேறும் கருவிகள் சில வந்திருக்கின்றன. ஒன்றை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அவர் மரமேறுவதை விட்டுச் சில வருஷம் ஆகிவிட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒவ்வொரு மரத்துலயும் இதக் கழட்டி மாட்டுறதுக்குள்ள நான் நாலு மரம் பாத்துருவேன். சரி, ஏறுறத இது பாத்துக்கிடும். பாளைய யாரு சீவுவா?" என்றார். தப்புச் சொல்லவில்லை. மெல்லிசாகச் சீவினால்தான் பதனி சுரக்கும், தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். அந்தக் கை இன்னும் எந்த இயந்திரத்துக்கும் வரவில்லை. ஆனால் கழற்றி மாட்டும் நேரத்தைக் குறைக்க முடியும், விழுந்தால் தாங்குகிற ஒரு வார்க்கச்சையை எடை குறைவாகச் செய்ய முடியும். இரண்டும் நம் இயந்திரவியல் துறைப் பட்டறையில் செய்யக்கூடிய காரியங்கள்தான்.

மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுத் தம்பி தங்கைகளில் யாராவது புராஜெக்டுக்கு விஷயம் தேடிக்கொண்டிருந்தால் என்னை இன்றைக்கே பாருங்கள். செலவை எங்கள் வருஷத்துப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். மாசி பிறந்தால் பாளை விடத் தொடங்கும். நாலு பேர் தங்க எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா எழுப்பிவிடுவார், அதற்கு மட்டும் தயாராக வாருங்கள். பட்டையில் பதனி உண்டு.